பெயர் ஏறும் புத்தகம்

கேரளத்தின் எல்லையோரத் தோட்டங்களில் சி.எஸ்.ஐ. சபையில் சேர்வதும் ஆராதிப்பதும் எளிது. பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் கணக்கு ஆரம்பமாகிறது.

மூணாறு கிறிஸ்து ஆலயத்தின் கதை ஞானஸ்நானத்தில் தொடங்கவில்லை, ஓர் அடக்கத்தில் தொடங்கியது. 1894 டிசம்பரில் தோட்ட நிர்வாகி ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட்டின் இளம் மனைவி எலினார் இசபெல் மே காலராவில் இறந்துபோனார். குன்றின் மேல் அவரை அடக்கம் செய்தார்கள். அப்போது அங்கே கோயில் இல்லை. அடிக்கல் நாட்டப்பட்டது 1910இல். 1911 ஈஸ்டரன்று திருவிதாங்கூர் - கொச்சி ஆங்கிலிக்கன் பேராயர் சார்லஸ் ஹோப் கில் வந்து பிரதிஷ்டை செய்தார். கல்லறை முதலில், கோயில் பிறகு. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் மூணாறுக்காரர்கள் தவறாமல் சொல்லும் சேதி இது.

துரைமார்களுக்காகத் துரைமார்கள் கட்டிய கோயில். உள்ளே சுவரில் பித்தளைப் பலகைகளில் அவர்கள் பெயர்கள் இன்னமும் இருக்கின்றன. பெஞ்சுகளில் உட்காருவோர் மட்டும் மாறிவிட்டார்கள். போடி மலைப் பாதை வழியாக மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த கூலிகளின் பேரன் பேத்திகள் அங்கே தமிழில் பாடுகிறார்கள். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் தனித்தனி ஆராதனைகள் நடக்கின்றன.

இந்தக் கோயில் இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. சி.எஸ்.ஐ. என்றால் எல்லோருக்கும் புரியும். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய இந்திய ஊழியர்கள் சிலர், வெள்ளைக்காரர் ஊரில் மூண்ட சண்டைகளை இந்தியக் கிறிஸ்தவர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களில் முக்கியமானவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912இலேயே தோர்ணக்கல் பேராயரானவர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 28 ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாயின. அசரியா அதைக் காண உயிரோடு இல்லை. 1945 புத்தாண்டு தினத்தில் காலமாகிவிட்டார்.

பேராயர் என்ற பதவியையே அறியாத சபைகளும் அன்று பேராயரை ஏற்றுக்கொண்டன. பாலக்காடு இதற்கு நல்ல உதாரணம். 1858இல் அங்கே வந்தது பாசல் மிஷன். சுவிட்சர்லாந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் நடத்திய அந்த மிஷனில் பேராயர் கிடையாது. மூணாறிலோ ஆங்கிலிக்கன் துரைகளின் முழங்கால் படியிடும் வழக்கம். இரண்டும் இன்று ஒரே திருச்சபை.

சேர்வது எப்படி? வாசலில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் உட்காரலாம், பாடலாம், பிரசங்கம் கேட்கலாம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய் எடுக்கலாம், அசனத்தில் சாப்பிடலாம். 1950இல் சி.எஸ்.ஐ. வகுத்த திருவிருந்து ஆராதனையில் ஒரு கட்டம் உண்டு. குருவானவரிடமிருந்து தொடங்கிச் சமாதான வாழ்த்து ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போய்க் கடைசிப் பெஞ்சு வரை சேரும். கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து எடுத்தது அது. அந்தக் கைகளில் எது எந்தச் சாதி என்று வழிபாட்டுப் புத்தகம் கேட்பதில்லை.

சபையில் முறைப்படி 'உறுப்பினர்' ஆவது வேறு விஷயம். அதற்கு ஞானஸ்நானம் வேண்டும். வயது வந்ததும் வகுப்புக்குப் போய், தலைமேல் கைவைத்துத் திடப்படுத்தப்பட வேண்டும். பிறகுதான் திருவிருந்தில் முழுப் பங்கு. வேறு ஊரிலிருந்து வந்தவர் பழைய சபையின் கடிதத்தோடு வர வேண்டும். மாதச் சங்கக் காணிக்கை நிலுவையில்லாமல் இருந்தால்தான் கமிட்டித் தேர்தலில் ஓட்டு. கல்யாணம் என்றால் முன்கூட்டியே ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் இடம்.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஞானஸ்நானப் பதிவேடு, திடப்படுத்தல் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, குடும்பப் பதிவேடு. கோயிலில் பீடத்துக்கு அடுத்தபடியாகப் பத்திரமாக இருப்பது அந்தத் தடித்த புத்தகங்கள் உள்ள பீரோ.

நகரத்துக்காரருக்கு இது வெறும் காகித வேலை. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி இல்லை. லயம் கம்பெனியுடையது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை கொழுந்து பறித்தாலும் பட்டா கிடையாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைப் பலிகொண்டபோது, ஒரு லய வரிசையும் அதிலிருந்த ரேஷன் கார்டும் சர்டிபிகேட்டும் எத்தனை நிமிஷத்தில் இல்லாமல் போகும் என்பதை ஊரே பார்த்தது. வீடு, நிலம், வேலை எதுவும் நிலையில்லாத ஒரு குடும்பத்துக்குத் தாத்தா பெயர், அப்பன் பெயர், பிறந்த நாள் எல்லாம் ஒரே இடத்தில் மை காயாமல் இருப்பது பெரிய விஷயம். சர்க்கார் ஆபீசுக்கு முன்பே அவர்களை எழுதிவைத்தது சபைதான்.

அந்தப் புத்தகம்தான் 2021க்குப் பிறகு கோர்ட் படியேறியது.

தேவிகுளம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் ஓட்டுத்தான் அங்கே வெற்றியைத் தீர்மானிக்கும். 2021 சட்டமன்றத் தேர்தலில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஏ. ராஜா 7,848 ஓட்டு வித்தியாசத்தில் காங்கிரஸின் டி. குமாரைத் தோற்கடித்தார். ராஜா கிறிஸ்தவர், ஆகவே தனித் தொகுதியில் நிற்கத் தகுதியற்றவர் என்று குமார் வழக்குப் போட்டார். தான் இந்து பறையர் சமூகத்தவர் என்பது ராஜாவின் பதில். சாட்சியாகக் கோர்ட்டுக்கு வந்தவை குண்டளை சி.எஸ்.ஐ. சபையின் பதிவேடுகள். அவற்றிலிருந்த அடித்தல் திருத்தல்கள் பற்றிக்கூட வாதம் எழுந்தது. 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. ராஜா அப்பீல் போனார். 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டு, அவர் வெற்றி செல்லும் என்றது.

ராஜாவின் வழக்கு முடிந்தது. வழக்குக்குக் காரணமான விதி அப்படியே இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட ஜனாதிபதி உத்தரவின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைக் கடைப்பிடிக்கிறவர் தாழ்த்தப்பட்டவராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை.

மூணாறுத் தமிழருக்கு இதோடு இன்னொரு முடிச்சும் உண்டு. கேரளத்தில் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால், 1950 உத்தரவுக்கு முன்பே குடும்பம் இங்கே குடியேறியது என்று காட்ட வேண்டும். தேவிகுளம் வழக்கிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 1956இல் மாநில எல்லைகள் மாறின. அதற்கு முன்பு மலையேறிய கூலியின் பெயரை யார் எழுதி வைத்திருப்பார்கள்? தோட்டத்துச் செக்ரோல் இருக்கலாம். இல்லாவிட்டால் கோயில் பதிவேடு. அங்கேதான் சிக்கல். 'இங்கே இருந்தோம்' என்பதை நிரூபிக்கும் அதே பக்கம், 'கிறிஸ்தவராக இருந்தோம்' என்பதையும் சேர்த்து நிரூபித்துவிடும். ஒரு கையால் கொடுத்ததை அதே புத்தகம் மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது.

சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளியின் வழக்கு இதைவிடப் பழையது. செருப்புத் தைப்போருக்கு இலவச பங்க் கடை தரும் அரசுத் திட்டம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தைத்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. ஒரே தெரு, ஒரே ஊசி, ஒரே சாதி. சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவும் கஷ்டமும் தொடர்கின்றன என்று நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் கோர்ட் மனுவைத் தள்ளியது.

இடுக்கியின் மேற்குச் சரிவுக்கு வந்தால் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி பேக்கர் ஜூனியர் என்ற மிஷனரி மலை அரையர்களிடையே வேலை செய்தார். அதில் விளைந்த சபைகள் பல. மேலுகாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1983இல் பிரிந்த கிழக்குக் கேரளத் திருமண்டலத்துக்கு அவைதான் முதுகெலும்பு. மலை அரையர்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். பழங்குடிகளுக்கான உத்தரவில் மதம் பற்றிய நிபந்தனை கிடையாது. எனவே ஞானஸ்நானம் பெற்ற மலை அரையர் பழங்குடியினராகவே நீடிக்கிறார். அதே திருச்சபையில், அதே வழிபாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதே அப்பத்தில் பங்குபெறும் பறையரோ புலையரோ தம் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார். வேதாகமத்தில் இந்த வித்தியாசத்துக்கு இடமில்லை. அரசிதழில்தான் இருக்கிறது.

சபையில் சேர்வதற்கு விலை உண்டு என்பது புதிய சேதியல்ல. பாசல் மிஷன்காரர்கள் அதை 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார்கள். ஞானஸ்நானம் பெற்றவன் வீட்டைவிட்டு வெளியே நின்றான். குத்தகை போயிற்று, குலத்தொழில் போயிற்று. அவனுக்குச் சோறு போட நெசவாலைகளும் ஓட்டுத் தொழிற்சாலைகளும் எழும்பின. மங்களூரிலிருந்து கோழிக்கோடு, பாலக்காடு வரை அந்தக் கரையோரத்துக் கூரைகளில் ஏறிய ஓடுகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. மதம் மாறியவன் எதை இழந்தான் என்று மிஷன் கேட்டது. முடிந்த அளவு ஈடுகட்டவும் செய்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆலைகள் கைமாறின. 1919இல் காமன்வெல்த் டிரஸ்ட் எடுத்துக்கொண்டது.

இன்றைய இழப்புக்கும் கொஞ்சம் ஈடு இருக்கிறது. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து மாறிய கிறிஸ்தவர்களுக்கென்று கேரள அரசு 1980இல் தனி வளர்ச்சிக் கழகம் அமைத்தது. மாநில அரசு வேலையில் அவர்களுக்கு 1 சதவிகித ஒதுக்கீடு. தாழ்த்தப்பட்டோருக்கு 8 சதவிகிதம். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். தனித் தொகுதியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இரண்டு மாநிலத்திலும் அவர்களுக்கு எட்டாதவை. லயத்தில் பக்கத்து வீட்டுக்காரன் அவரைச் சாதி சொல்லித் திட்டினால், திட்டியவன் சாதியை மறக்கவில்லை. சட்டம்தான் மறந்துவிடுகிறது.

எதிர்த் தரப்பும் சும்மா பேசவில்லை. சாதி இல்லை என்று சொல்லித்தானே அழைத்தீர்கள், இப்போது சாதிக்குச் சலுகை கேட்கலாமா என்பது அவர்கள் கேள்வி. கூர்மையான கேள்வி. திருச்சபைகளுக்கு அது கூச்சம் தர வேண்டிய கேள்வியும்கூட. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்த சுவர் பல்லாண்டுச் சர்ச்சை. சி.எஸ்.ஐ. திருமண்டலத் தேர்தல்களிலும் சாதிக் கணக்கு இல்லை என்று கமிட்டி உறுப்பினர்களே சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் இந்தக் கேள்வியே இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது. தண்ணீர் தெளித்தால் சாதி போய்விடாது. போகவில்லை என்றால், அதனால் வரும் கஷ்டமும் போகவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நேரடியானது. கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் வந்து பங்கு கேட்டால், இருக்கிற 8 சதவிகிதத்தில் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று இந்து தலித் அமைப்புகள் கேட்கின்றன. இந்தப் பயம் நியாயமானது. பட்டியலைப் பெரிதாக்கி, பங்கைப் பெரிதாக்காமல் விட்டால் ஏழைக்கும் ஏழைக்கும்தான் சண்டை மூளும். ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இல் மதத்தையும் பட்டியலையும் பிரித்துவிடச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று இதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. மத்திய அரசு 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஒரு கமிஷன் போட்டது. அதற்குக் கால நீட்டிப்புகள் வந்தன. கமிஷனுக்குப் பின் கமிஷன் என்பது டில்லியின் பழைய வழக்கம்.

இதற்கிடையே தோட்டங்களில் ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். சேர்வார்கள், எழுதிக்கொள்ள மாட்டார்கள். ஞாயிறு தவறாமல் வருவார்கள், காணிக்கை போடுவார்கள், பாடகர் குழுவில் உரக்கப் பாடுவார்கள். ஞானஸ்நானம் என்றால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம் ஐயா' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். ஊரில் இது ரகசியமே இல்லை.

திரும்பி வரும் பாதையும் உண்டு. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், முன்னோர் கிறிஸ்தவரானாலும், ஒருவர் இந்து மதத்துக்குத் திரும்பி, பழைய சாதியும் அவரை ஏற்றுக்கொண்டால் சான்றிதழ் பெறலாம் என்றது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் அதே கோர்ட் எதிர்த்திசையைக் காட்டியது. ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று கண்டித்தது.

சட்டத்தின் கண்ணோடு பார்த்தால் அந்தக் கண்டிப்பில் தவறு சொல்ல முடியாது. பொய் பொய்தான். ஆனால் ஒரு விதி யாரைத் தண்டிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உண்மையைச் சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டவருக்கு நஷ்டம். எழுதாமல் மழுப்புகிறவருக்கு லாபம். அரசாங்கம் இதை மதச்சார்பின்மை என்கிறது. நடைமுறையில் இது ஏழையின் நேர்மைக்குப் போட்ட வரி. வசதியுள்ள கிறிஸ்தவருக்கு இந்த வரி தெரியவே தெரியாது. சுரியானி முதலாளியின் மகன் எந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாலும் அவன் தோட்டத்தில் ஒரு செடிகூடக் குறையாது.

சபையும் இதில் கை கழுவ முடியாது. குருவானவர்கள் இரண்டு பக்கமும் இடிபடுகிறார்கள். பதிவு செய்யாதவருக்குத் திருவிருந்து கொடுத்தால் ஒழுங்கு கெடும். கொடுக்காவிட்டால் சர்ச்சின் ஒழுங்கு ஏழையின் வயிற்றில் அடிக்கும். கோர்ட்டில் வக்கீல்கள் பக்கம் பக்கமாகப் புரட்டும் ஒரு புத்தகத்தில் திருத்தம் செய்யச் சொல்லி யாராவது வந்து நின்றால், எந்த குருவானவரும் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். அதே சமயம், பெயர் எழுதிக்கொள்வதால் இன்ன சலுகை போகும் என்று ஞானஸ்நான வகுப்பிலேயே மறைக்காமல் சொல்ல வேண்டியதும் அவர் கடமை. பாசல் மிஷன் ஆலையே கட்டியது. இன்றைய திருமண்டலங்களுக்குக் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. இழந்தவருக்கு அவற்றில் எத்தனை இடம் ஒதுக்கினீர்கள் என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்பதற்கு எந்தக் கமிஷனும் வேண்டியதில்லை.

திடப்படுத்தல் வகுப்புக்குப் பிள்ளைகள் போவது பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதில். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கும் மேல்படிப்புக்கு வேண்டிய சாதிச் சான்றிதழுக்கும் அதுதான் வயது. லயத்தில் ஒரே மேஜையில், அல்லது மேஜை இல்லாத வீட்டில் ஒரே டிரங்குப் பெட்டி மேல், இரண்டு படிவங்கள் கிடக்கும். ஒன்றை நிரப்பினால் மற்றதை மடித்து வைக்க வேண்டும். அப்பனும் அம்மாவும் மலைக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். பேனா பிள்ளையின் கையில் இருக்கும்.